மங்கும் முகப்பு விளக்குகள்: குறை யாருடையது?

ஒரு பகல் வேளையில் இராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை செல்லும்போது, சாலையோரத்தில் நிற்கும் கார்களின் முகப்பு விளக்குகளைக் கவனித்துப் பாருங்கள். ஓரிரண்டு ஆண்டுகளே ஆன கார்களில் அவை பளிங்குபோல் இருக்கும். உள்ளே இருக்கும் எதிரொளிப்பானின் வளைவுகள்கூடத் தெளிவாகத் தெரியும். ஏழெட்டு ஆண்டுகளான கார்களைப் பாருங்கள். பலவற்றின் விளக்குகள் மோர் தடவியதுபோல் வெளுத்திருக்கும்; சில மஞ்சள் பூத்திருக்கும். எஞ்சின், கதவு, இருக்கை எல்லாம் நல்ல நிலையில் இருக்க, கண்களில் மட்டும் புரை விழுந்திருக்கும்.

இதை ஓர் அழகுக் குறைவு என்றே பலரும் எண்ணுகிறார்கள். காரை விற்கப் போகும் நேரத்தில்தான் பலருக்கு அதன் நினைவே வருகிறது. ஆனால் முகப்பு விளக்கு அணிகலன் அன்று. இரவில் சாலையைக் காட்டும் கருவி. அந்தக் கருவி தன் வேலையை எத்தனை ஆண்டுகள் ஒழுங்காகச் செய்கிறது, அதை யார் சோதிக்கிறார்கள் என்பதே இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்ளும் கேள்வி.

கண்ணாடி ஏன் கைவிடப்பட்டது?

அம்பாசிடர், பிரீமியர் பத்மினி ஆகிய கார்களின் உருண்டையான முகப்பு விளக்குகளை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். திருவொற்றியூரில் உருவான என்ஃபீல்டு புல்லட்டின் முன்விளக்கும் அதே இனம்தான். அவற்றின் முகப்பு கண்ணாடியால் ஆனது. கல் பட்டால் உடையும். ஆனால் இருபது ஆண்டுகள் வெயிலில் நின்றாலும் மங்காது. உடைந்தால் புதுப்பேட்டையில் ஒரு கண்ணாடி வாங்கி மாட்டிவிடலாம்.

கண்ணாடியின் இடத்தைப் பிடித்தது பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக் ஆகும். 1953-இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் ஹெர்மன் ஷ்னெல் என்பவரும், அதே ஆண்டில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் டேனியல் ஃபாக்ஸ் என்பவரும் தனித்தனியே இதைக் கண்டறிந்தனர். அமெரிக்காவில் 1940 முதல் முத்திரையிடப்பட்ட கண்ணாடி விளக்குகளே கார்களில் கட்டாயமாக இருந்தன. 1983-இல் அந்த விதி தளர்த்தப்பட்டது. 1984-ஆம் ஆண்டு மாதிரியான லிங்கன் மார்க் 7 என்னும் கார், காரின் உடலோடு இயைந்த பிளாஸ்டிக் முகப்பு விளக்குடன் வெளிவந்தது. பின்னர் ஐரோப்பாவும் இப்பாதையில் சென்றது. இன்று நம் நாட்டில் வரும் புதிய கார்களும் அப்படியே.

இந்த மாற்றத்துக்குத் தக்க காரணங்கள் உண்டு என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். கண்ணாடியின் அடர்த்தி சுமார் 2.5, பாலிகார்பனேட்டின் அடர்த்தி 1.2. எனவே எடை பாதியாகிறது. சுத்தியலால் அடித்தாலும் அது எளிதில் உடையாது. விபத்தின்போது கூரிய சில்லுகள் பறந்து பாதசாரியைக் கிழிப்பதில்லை. காற்றைக் கிழித்துச் செல்லும் வளைவுகளில் அதை வார்க்கலாம். அதனால் எரிபொருள் மிச்சமாகிறது. புதிதாக இருக்கும்போது தன்மீது விழும் ஒளியில் ஏறக்குறைய 90 சதவீதத்தைக் கடத்துகிறது. ஆகவே புதிய விளக்கில் குறை காண்பதற்கில்லை. குறை, அது பழசாகும் விதத்தில் இருக்கிறது.

வெயில் செய்யும் வேலை

பாலிகார்பனேட் ஒரு பல்லுறுப்பி. அதாவது, ஒரே வகையான சிறு மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் சங்கிலிபோல் கோக்கப்பட்டது. அச்சங்கிலியில் உள்ள பென்சீன் வளையங்கள் சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர்களை உறிஞ்சக்கூடியவை. உறிஞ்சிய ஆற்றலால் சங்கிலியின் கண்ணிகள் சில இடங்களில் இடம் மாறி இணைகின்றன. சில இடங்களில் அறுந்துபோகின்றன. அறுந்த முனைகளைக் காற்றிலுள்ள ஆக்சிஜன் பற்றிக்கொள்கிறது. இவ்வாறு உண்டாகும் புதிய சேர்மங்கள் மஞ்சள் நிறமுடையவை. சங்கிலிகள் குறுகக் குறுக மேற்பரப்பு நொறுங்கும் தன்மை அடைந்து, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வெடிப்புகள் தோன்றுகின்றன.

பாலிகார்பனேட்டுக்கு இக்குறை உண்டு என்பது அதைச் செய்பவர்களுக்கும் தெரியும். அதனால்தான் லென்ஸின்மேல் கடினமான மேற்பூச்சு ஒன்றைப் பூசுகிறார்கள். அதன் தடிப்பு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவே. கீறல்களைத் தடுப்பது ஒரு வேலை. புற ஊதாக் கதிர்களைத் தானே உறிஞ்சி அடியிலுள்ள பிளாஸ்டிக்கைக் காப்பது இன்னொரு வேலை. ஆனால் உறிஞ்சும் பொருளும் நாளடைவில் தீர்ந்துபோகிறது. குடை கிழிந்த பிறகு தலை நனைவது நிச்சயம்.

சென்னை 13 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. இங்கு ஆண்டில் இருமுறை சூரியன் உச்சிக்கு நேரே வருகிறது. வெயிலோடு வெப்பமும், கடலோர ஈரப்பதமும் சேரும்போது மேலே சொன்ன சிதைவு விரைவாகிறது. கார் நிறுத்தக் கொட்டகை இல்லாமல் தெருவிலேயே வண்டியை நிறுத்த வேண்டிய குடும்பங்கள் வடசென்னையில் மிகுதி. ஒரே தெருவில் ஒரே ஆண்டில் வாங்கிய இரண்டு கார்களில், நிழலில் நின்றது தெளிவாகவும் வெயிலில் நின்றது மங்கியும் இருப்பதை நீங்களே காணலாம்.

உப்புக் காற்றா காரணம்?

இப்பகுதியில் யாரைக் கேட்டாலும், "எல்லாம் கடல் காற்று செய்யும் வேலை" என்பார்கள். இது பாதி உண்மையே. காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து எண்ணூர் முகத்துவாரம் வரை வீசும் உப்புக் காற்று இரும்பை அரிக்கிறது. விளக்குக்குப் பின்னால் உள்ள மின் இணைப்புகளையும் துருப்பிடிக்க வைக்கிறது. ஆனால் பிளாஸ்டிக் துருப்பிடிப்பதில்லை. முதற் குற்றவாளி வெயில்தான்.

எனினும் இப்பகுதிக்கே உரிய துணைக் குற்றவாளி ஒன்று உண்டு, அது தூசி. எண்ணூர் அனல் மின் நிலையம் 1970 முதல் இயங்கி 2017-இல் மூடப்பட்டது. அத்திப்பட்டில் உள்ள வடசென்னை அனல் மின் நிலையம் தொடர்ந்து இயங்கி வருகிறது. நிலக்கரிச் சாம்பலின் பெரும்பகுதி சிலிக்காவும் அலுமினாவும் ஆகும். அத்துகள்கள் பிளாஸ்டிக்கைவிடக் கடினமானவை. துறைமுகச் சாலைகளில் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் மண்ணும் அப்படியே. இவை லென்ஸின்மேல் படிந்திருக்கும்போது காய்ந்த துணியால் துடைத்தால், அது உப்புத்தாளால் தேய்ப்பதற்குச் சமம். ஒவ்வொரு காலையும் வண்டியை அக்கறையோடு துடைப்பவரே, தம்மையறியாமல் மேற்பூச்சைக் கீறிவிடுகிறார்.

இழந்த ஒளி எங்கே போகிறது?

மங்கிய லென்ஸ் ஒளியை விழுங்கிவிடுகிறது என்று நினைக்கிறோம். அதைவிடப் பெரிய தீங்கு, ஒளியைச் சிதறடிப்பது. இதை ஒரு சிறு சோதனையால் அறியலாம். இனிப்புப் பெட்டியின் தெளிவான பிளாஸ்டிக் மூடி ஒன்றை எடுத்து, பாதிப் பகுதியை மட்டும் உப்புத்தாளால் இலேசாகத் தேயுங்கள். இருட்டறையில் டார்ச்சு விளக்கின் ஒளியை முதலில் தெளிந்த பகுதி வழியாகவும், பின்னர் தேய்த்த பகுதி வழியாகவும் சுவரில் விழச் செய்யுங்கள். இரண்டாவது முறை சுவரிலுள்ள ஒளிவட்டம் கரைந்து பரவிவிடும். ஆனால் பிளாஸ்டிக் மூடியோ பளபளவென்று ஒளிரும். சுவருக்குப் போக வேண்டிய ஒளி, பக்கவாட்டில் நின்று பார்ப்பவரின் கண்ணுக்குப் போகிறது.

இப்போது தேய்த்த பகுதியில் தண்ணீர் தடவிப் பாருங்கள். மங்கல் பெருமளவு மறைந்துவிடும். காற்றின் ஒளிவிலகல் எண் 1, தண்ணீருக்கு 1.33, பாலிகார்பனேட்டுக்குச் சுமார் 1.58. கீறல்களில் காற்று இருக்கும்போது ஒளி வெகுவாகத் திசைமாறுகிறது. தண்ணீர் நிரம்பும்போது வேறுபாடு குறைவதால் சிதறலும் குறைகிறது. கழுவிய ஈரத்தோடு இருக்கும் பழைய காரின் விளக்கு புதிதுபோல் தோன்றுவது இதனால்தான். பழைய கார் வாங்குவோர் விளக்கு காய்ந்த பிறகு பார்ப்பது நல்லது.

காரில் இச்சிதறல் இரண்டு தீங்குகளை ஒருங்கே செய்கிறது. நாம் 'டிம்' என்று சொல்லும் தாழ்கற்றை, ஒரு கிடைக்கோட்டுக்குக் கீழே மட்டும் ஒளி விழுமாறு வகுக்கப்பட்டது. கோட்டுக்குக் கீழே சாலை. மேலே எதிரே வருபவரின் கண். லென்ஸ் மங்கியதும் அந்தக் கோடு அழிந்துவிடுகிறது. சாலைக்கு ஒளி குறைகிறது. எதிரே வருபவருக்குக் கூச்சம் மிகுகிறது. தமக்கு வெளிச்சம் போதாத ஓட்டுநர் உயர்கற்றையைப் போடுகிறார். அல்லது கடையில் அதிக வாட் பல்பு வாங்கி மாட்டுகிறார். மங்கிய லென்ஸுக்குப் பின்னால் வலிய பல்பை மாட்டினால் சிதறும் ஒளியும் சேர்ந்தே கூடுகிறது. எதிரே சைக்கிளில் வருபவர் சில கணங்கள் குருடாகிறார்.

ஒரு சிறு கணக்கு

அமெரிக்க ஆட்டோமொபைல் சங்கம் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், பல ஆண்டுகள் வெயிலில் உழைத்து மங்கிய முகப்பு விளக்குகள், புதியவை தரும் ஒளியில் சுமார் 20 சதவீதமே தந்தன என்று கண்டது. எல்லாப் பழைய விளக்குகளும் இந்த அளவுக்குக் கெட்டவை என்று பொருளில்லை. ஆயினும் கெட்டால் எவ்வளவு கெடும் என்பதை இந்த எண் காட்டுகிறது. அதைக் கொண்டு ஒரு கணக்குப் போடுவோம்.

புதிய விளக்கின் தாழ்கற்றையில், இருண்ட உடை அணிந்த ஒருவர் 60 மீட்டர் தொலைவில் புலப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒளியின் செறிவு தொலைவின் இருமடிக்கு ஏற்பக் குறையும் என்பதை நீங்கள் பள்ளியில் படித்திருப்பீர்கள். விளக்கின் வலிமை ஐந்தில் ஒன்றாகிவிட்டால், அதே செறிவு கிடைக்கும் தொலைவு 60 மீட்டரை 5-இன் வர்க்கமூலமான 2.24-ஆல் வகுத்தால் வரும் தொலைவு; அதாவது சுமார் 27 மீட்டர்.

கார் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர். ஆளைக் கண்டு, மூளை உணர்ந்து, கால் பிரேக்கை மிதிக்க ஒன்றரை வினாடி என்று கொண்டால், அதற்குள் கார் 25 மீட்டர் ஓடிவிடும். பிரேக் பிடித்த பின் நிற்க மேலும் சுமார் 23 மீட்டர் வேண்டும். மொத்தம் 48 மீட்டர். புதிய விளக்குள்ள கார், ஆளுக்கு 12 மீட்டர் முன்னால் நின்றுவிடும். மங்கிய விளக்குள்ள கார், பிரேக் பிடிக்கத் தொடங்கும்போதே அவரை நெருங்கிவிட்டிருக்கும். அதில் உயிருக்கு ஆபத்தின்றிச் செல்ல வேண்டுமானால் வேகம் 40 கிலோமீட்டருக்கு மேற்படக் கூடாது. ஆனால் விளக்கு ஒரே இரவில் மங்குவதில்லை. ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாக மங்குவதால், ஓட்டுபவர் அதற்குப் பழகிப்போய்ப் பழைய வேகத்திலேயே செல்கிறார்.

இக்கணக்கில் வரும் அந்த ஆள் யார் என்றும் எண்ணிப் பாருங்கள். எண்ணூர், மணலி ஆலைகளில் இரவு ஷிப்டு முடிந்து சைக்கிளில் வீடு திரும்பும் தொழிலாளி. விடியலுக்கு முன் காசிமேட்டுக்குக் கூடையோடு கிளம்பும் மீன்காரப் பெண்மணி. நிறுத்தியிருக்கும் லாரிகளின் இடுக்கிலிருந்து சாலையைக் கடக்கும் கிளீனர் பையன். விளக்கை வாங்கியவர் அவர்களல்லர், விற்றவரும் அல்லர். விளக்கு மங்கியதற்கான விலையைக் கொடுக்க வேண்டியவர்களோ அவர்கள்தாம்.

தேர்வு எப்போது நடக்கிறது?

சட்டம் இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையா? சொல்கிறது. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 105-ஆம் விதி, முன்னால் 155 மீட்டர் தொலைவில் சாலையிலுள்ள ஆட்களும் வாகனங்களும் தெளிவாகப் புலப்படுமாறு விளக்குகள் ஒளிதர வேண்டும் என்கிறது. விதி நல்ல விதிதான். அதன்படி நடக்கிறதா என்று எப்போது பார்க்கிறார்கள் என்பதே கேள்வி.

முதல் தேர்வு, விளக்கு பிறக்கும்போது. பிளாஸ்டிக் லென்ஸுக்கு ஐக்கிய நாடுகளின் 112-ஆம் எண் ஒழுங்குவிதி ஒரு சோதனை வகுத்துள்ளது. நம் நாட்டு வாகனத் தரங்களும் பெரும்பாலும் இத்தகைய ஒழுங்குவிதிகளைத் தழுவியவையே. அதன்படி, மாதிரித் துண்டின்மேல் செனான் விளக்கின் ஒளியைச் சதுர மீட்டருக்கு 4,500 மெகாஜூல் ஆற்றல் சேரும் வரை செலுத்துகிறார்கள். இடையிடையே நீர் தெளிக்கிறார்கள். முடிவில் வெடிப்போ கீறலோ இல்லாமல், ஒளி ஊடுருவலும் 2 சதவீதத்துக்கு மேல் மாறாமல் இருந்தால் தேர்ச்சி.

4,500 மெகாஜூல் என்பது நம் ஊர் வெயிலில் எவ்வளவு? சென்னையில் கிடைமட்டமான ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஆண்டுச் சராசரியாக நாளொன்றுக்கு 5 கிலோவாட்-மணிக்குச் சற்று மேற்பட்ட சூரிய ஆற்றல் விழுகிறது. 5 என்றே கொண்டால் அது 18 மெகாஜூல். 4,500-ஐ 18-ஆல் வகுத்தால் 250 நாள். கார் விளக்கு சாய்ந்திருப்பதால் அதன்மேல் விழும் வெயில் குறைவு. அதற்காக இரு மடங்காகத் தள்ளிக் கொடுத்தாலும் ஒன்றரை ஆண்டுக்கு உட்பட்டதே. பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஓடப்போகும் காரின் விளக்கை, ஒன்றரை ஆண்டு வெயிலைக் காட்டித் தேர்ச்சி பெற வைக்கிறோம். நல்ல நிறுவனங்கள் சட்டம் கேட்பதற்கு மேலும் சோதிக்கலாம், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் சட்டம் கேட்பது இவ்வளவுதான்.

இரண்டாம் தேர்வு எப்போது? லாரி, டாக்சி போன்றவற்றுக்கு எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெற வேண்டும். சொந்தக் காருக்கோ பதிவு 15 ஆண்டுகள் செல்லும். அது முடிந்து பதிவைப் புதுப்பிக்கும்போதுதான் அரசு அதிகாரி அதை மறுபடி பார்க்கிறார். மேலே சொன்ன அமெரிக்கச் சங்கம், விளக்குகள் மூன்றிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள்ளேயே மங்கத் தொடங்கலாம் என்கிறது. அப்படியானால், பத்தாண்டுக்கு மேற்பட்ட இடைக்காலத்தில் அந்த விளக்குக்குப் பொறுப்பாளர் எவருமில்லை.

ஜப்பானில் புதிய கார் மூன்றாம் ஆண்டிலும், பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் கட்டாயத் தேர்வுக்குச் செல்ல வேண்டும். அங்கு ஒவ்வொரு விளக்கின் தாழ்கற்றையும் 6,400 கேண்டெலாவுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று கருவியால் அளக்கிறார்கள். லென்ஸ் மங்கியிருந்தால் கார் தேறாது. பிரிட்டனிலும் மூன்றாண்டுக்குப் பின் ஆண்டுதோறும் விளக்குகள் சோதிக்கப்படுகின்றன. இது நடைமுறைக்கு ஒவ்வாத கனவு அன்று என்பதற்கு இவை சான்று.

பற்பசையும் பிற வைத்தியங்களும்

மங்கிய விளக்குக்குப் பற்பசை தேய்ப்பது பலர் அறிந்த வைத்தியம். பற்பசையில் உள்ள நுண்துகள் மேற்பரப்பை இலேசாகத் தேய்த்து மெருகேற்றுகிறது. பலன் தெரிவது உண்மையே. ஆனால் எஞ்சியிருந்த மேற்பூச்சும் அதோடு போய்விடுகிறது. குடையில்லாத பிளாஸ்டிக் சில மாதங்களில் மறுபடி மங்கும். கொசு விரட்டும் திரவம், பெட்ரோல், தின்னர் ஆகியவற்றால் துடைப்பது இன்னும் மோசம். இவை பிளாஸ்டிக்கின் மேற்பரப்பை இளக்கிக் கீறல்களை நிரப்புவதால் உடனே தெளிவு தோன்றும். பின்னர் அதே இடத்தில் வெடிப்புகள் விடும். எண்ணெய் தடவுவது நாம் தண்ணீரால் செய்த சோதனையேயன்றி வேறில்லை. எண்ணெய் போனால் தெளிவும் போகும்.

முறையான வழி ஒன்று உண்டு. நீர் தெளித்தபடி, முதலில் சற்றுக் கரகரப்பான உப்புத்தாளாலும், பின்னர் 2000, 3000 எண் கொண்ட நுண்ணிய தாள்களாலும் தேய்த்து, மெருகேற்றி, இறுதியில் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சைப் பூச வேண்டும். கடைசிப் படி இல்லையேல் முன்னதெல்லாம் வீண். இவ்வாறு செய்த விளக்கு புதியதில் சுமார் 70 சதவீத ஒளியைத் தரும் என்று மேற்படி ஆய்வு கண்டது. நம் கணக்கின்படி, பார்வைத் தொலைவு 27 மீட்டரிலிருந்து 50 மீட்டராகிறது. ஓர் உயிர் பிழைக்க இவ்வித்தியாசம் போதும்.

என்ன செய்யலாம்?

முதலாவதாக, லென்ஸின் சோதனை நம் ஊர் வெயிலுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். அமெரிக்க விதிகள் விளக்குகளுக்கான பிளாஸ்டிக்கை ஃபுளோரிடாவிலும் அரிசோனாவிலும் மூன்று ஆண்டுகள் திறந்தவெளியில் வைத்துப் பார்க்கச் சொல்கின்றன. நாம் எண்ணூரை விட்டு வேறிடம் தேட வேண்டியதில்லை. வெயில், ஈரம், உப்பு, சாம்பல் நான்கும் கூலியின்றிக் கிடைக்கும் சோதனைச்சாலை இது. இங்குள்ள காமராசர் துறைமுகத்திலிருந்து வெளிநாடுகளுக்குக் கப்பலேறும் புதிய கார்களுக்கும் அது நற்சான்றாகும்.

இரண்டாவதாக, லென்ஸைத் தனியே மாற்ற வழி வேண்டும். இன்று அது விளக்குக் கூட்டோடு ஒட்டப்பட்டுவிடுகிறது. ஒரு தகடு மங்கியதற்காக முழு விளக்கையும் வாங்க வேண்டியுள்ளது. எல்இடி விளக்குகளில் இச்செலவு இன்னும் மிகுதி. அதனால் நடுத்தரக் குடும்பத்தார் தள்ளிப்போடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்வதில் பயனில்லை.

மூன்றாவதாக, புகைச் சோதனையோடு விளக்குச் சோதனையையும் சேர்க்கலாம். ஓராண்டு கடந்த ஒவ்வொரு காரும் மாசுக்கட்டுப்பாட்டுச் சான்றுக்காகக் குறிப்பிட்ட காலந்தோறும் சோதனை நிலையத்துக்கு வந்தே தீர வேண்டும். அங்கே ஓர் ஒளியளவியும் ஒரு வெள்ளைத் திரையும் வைக்க எவ்வளவு செலவாகிவிடும்? சின்னஞ்சிறு நிலையங்களில் நுட்பமாக அளக்க முடியாது என்று சொல்லக்கூடும். உண்மைதான். ஆயினும் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்ட ஒளியைக் கண்டுகொள்ள நுட்பம் வேண்டியதில்லை.

அதுவரை நீங்கள் வீட்டிலேயே ஒன்று செய்யலாம். இரவில் காரைச் சுவரிலிருந்து ஏழெட்டு மீட்டர் தள்ளி நிறுத்தித் தாழ்கற்றையைப் போடுங்கள். சுவரில் ஒளிக்கும் இருளுக்கும் இடையே கோடு கூர்மையாக விழுகிறதா என்று பாருங்கள். கூர்மையாக இருந்தால் கவலை இல்லை. பனிபோல் கலைந்திருந்தால், பல்பை மாற்றாதீர்கள், லென்ஸைக் கவனியுங்கள். அப்பா ஓட்டும் காரில் மாணவர்களும் இச்சோதனையைச் செய்து பார்த்துச் சொல்லலாம்.

புதிதாக இருக்கும்போது எல்லா விளக்கும் நன்றாகத்தான் எரியும். பத்தாவது ஆண்டின் இரவில், மழை தூறும் எண்ணூர்ச் சாலையில், எதிரே வரும் சைக்கிள்காரரை அது காட்டுகிறதா என்பதுதான் ஒரு முகப்பு விளக்குக்கு உரிய தேர்வு. அந்தத் தேர்வை நம் நாட்டில் இன்னும் எவரும் நடத்தவில்லை.